குளத்திலே நீர் இருக்கிறது, குடிசை எரிகிறது!



ஆனி மாதத்து மேல்காற்று அடிக்கும் நண்பகலில், குலசேகரன்பட்டினத்துத் தேரியோரம் ஓர் ஓலைக்குடிசை பற்றிக்கொள்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பனையோலைக் கூரை, பனைமட்டை வேலி; அடுத்த வீடும் அவ்வண்ணமே. திருச்செந்தூரிலிருந்து தீயணைப்பு வண்டி வரவேண்டும். வழி 12 கிலோமீட்டருக்குக் குறையாது. வந்துவிட்டது என்றே கொள்வோம். வண்டி சுமந்து வருவது ஏறத்தாழ 4,500 லிட்டர் தண்ணீர். நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சும் குழாய்கள் இரண்டைத் திருப்பினால், ஐந்தே நிமிடத்தில் வண்டி வறண்டுவிடும். ஆறாவது நிமிடத்தில் என்ன செய்வது?

வீரர்கள் மீது குறை சொல்வது நம் நோக்கமன்று. வெறுங்குழாயைக் கையிலே கொடுத்துவிட்டு, வீரத்தைக் காட்டு என்று கேட்கும் ஏற்பாட்டைத்தான் குறை சொல்கிறோம். பட்டணத்து மாடிக் கட்டடம் என்றால் தொட்டி வேண்டும், அழுத்தக் குழாய் வேண்டும் என்று விதி இருக்கிறது. பனையேறியின் வீட்டுக்கு எந்த விதி இருக்கிறது?

அரசியல் சட்டத்தையே புரட்டிப் பாருங்கள். 1992-ஆம் ஆண்டுத் திருத்தங்களின் வழியே நகராட்சிகளுக்கென வந்தது பன்னிரண்டாம் அட்டவணை. அதிலுள்ள 18 இனங்களில் ஏழாவது, தீயணைப்புப் பணி. ஊராட்சிகளுக்கென வந்தது பதினோராம் அட்டவணை. அதில் 29 இனங்கள் உண்டு. மீன்வளம் உண்டு, எரிபொருள் உண்டு, சந்தையும் உண்டு. தீயணைப்பு மட்டும் இல்லை! நெருப்பு நகராட்சி எல்லையோடு நின்றுவிடும் என்று எண்ணினார்கள் போலும்.

ஆயினும் அதே அட்டவணையின் மூன்றாவது இனம் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும். அந்த வாசல் வழியாக நாம் நுழையலாம்.

நுழைந்து எதைக் கேட்பது? ஒரு குழாயைக் கேட்போம். அமெரிக்க நாட்டுப்புறங்களில் தொண்டர் தீயணைப்புப் படையினர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. உலர் ஹைட்ரண்ட் என்பது அதன் பெயர். குளத்தின் ஆழமான இடத்தில், சேற்றைத் தொடாமல், நீர்மட்டத்துக்கும் நன்றாகக் கீழே, துளைகள் கொண்ட வடிகூடை ஒன்று. அதிலிருந்து கரைக்குள்ளே புதைந்து வந்து, சாலையோரத்தில் தலைநீட்டும் அகலக் குழாய். வாயிலே ஒரு மூடி. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, காவலாள் இல்லை. வண்டி வந்து தன் உறிஞ்சு குழாயை அதில் மாட்டி, பம்பை ஓட்டினால் குளமே வண்டிக்குத் தொட்டியாகிவிடும்.

இன்று குளம் பக்கத்திலேயே இருந்தாலும் வண்டி நெருங்க முடிவதில்லை. கரை மண் சக்கரத்தை விழுங்கும். சேறும் அமலையும் உறிஞ்சு குழாயை அடைக்கும். எனவேதான் நீரைப் பார்த்துக்கொண்டே, நீருக்காக வேறிடம் ஓட நேர்கிறது.

“கடலே காலடியில் இருக்கிறதே!” என்பார் சிலர். மணற்கரையில் வண்டி இறங்கினால், அதை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். மணலும் உப்பும் பம்பைத் தின்றுவிடும்.

“கோடையில் குளம் வற்றுமே?” என்பது இதைவிட வலுவான கேள்வி, மழுப்பக்கூடாது. திருவைகுண்டம் அணைக்கட்டின் தென்கால், கடம்பாகுளத்தைப் போன்ற பெருங்குளங்களை நிரப்பும். உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரமோ வானத்தையும், சடையநேரிக் கால்வாயில் வரும் வெள்ள நீரையும் நம்பிக் கிடப்பது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, குளங்கள் உடைந்தன. அந்த வெள்ளமெல்லாம் கடலுக்குத்தான் போயிற்று! ஆகவே எல்லாக் குளத்திலும் குழாய் நடு என்று நாம் கேட்கவில்லை. வற்றாத குளத்தில் குழாய். வற்றும் குளத்தில் தூர் வாரும்போதே குழாயடியில் ஓர் ஆழக் குழி. நீரே நில்லாத தேரியில் மண்ணுக்கடியில் தொட்டி. ஆண்டுக்கு இருமுறை வண்டி வந்து உறிஞ்சிப் பார்க்கவேண்டும். பின்பு நீரை எதிர்வழியே செலுத்தி வடிகூடையைக் கழுவவேண்டும். இதைச் செய்யாவிட்டால் அந்தக் குழாய் ஆடு உரசிக்கொள்ளும் கம்பமாகிவிடும்.

“ஓலை வீடெல்லாம் கான்கிரீட் வீடாகிறதே?” என்று கேட்பாரும் உண்டு. ஆகட்டும், மகிழ்ச்சி. வைக்கோற்போர் கான்கிரீட் ஆகாது, பனங்காடும் ஆகாது.

தசரா நாட்களில் முத்தாரம்மன் கோயிலில் இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள்; தீச்சட்டி ஏந்துவோர் எத்தனையோ பேர். அந்நாட்களில் தீயணைப்பு வண்டி ஊரிலேயே நிற்கும். கூட்டம் கலைந்தால் வண்டியும் போய்விடும். 2024 பிப்ரவரி 28 அன்று இதே ஊரில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2,000 ஏக்கருக்கு மேல் நிலம் அதற்கு. ராக்கெட்டின் நெருப்பை அடக்கும் ஏற்பாடு வரைபடத்திலேயே இருக்கும். நல்லதுதான். வேலிக்கு இப்பால் இருக்கும் குடிசைக்கும் வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று தமிழகமெங்கும் கிராம சபை கூடுகிறது. தோழர்கள் வெறுங்கையோடு போகவேண்டாம். அதற்கு முந்திய கோடையிலேயே, நீர் மிகத் தாழ்ந்திருக்கும் நாளில், உங்கள் ஊர்க் குளத்துக்குக் கயிறும் கோலுமாகச் சென்று, எஞ்சிய ஆழத்தை அளந்து குறியுங்கள். நீர்மட்டத்திலிருந்து, சாலையில் நிற்கும் வண்டியின் பம்பு எவ்வளவு உயரம் என்பதையும் குறியுங்கள். பம்பு நீரை மேலே இழுப்பதில்லை. காற்றின் அழுத்தமே அதைத் தள்ளுகிறது. கணக்குப்படி 10 மீட்டர். நடைமுறையில் ஆறு மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது. ஆறுக்குள் அடங்கும் குளத்தின் பெயரைத் தீர்மானத்தில் முதலாவதாக எழுதுங்கள்.