கம்பிக்கு விலை உண்டு, கான்கிரீட்டுக்கு ஏன் இல்லை?

திருச்சி ஸ்ரீரங்கத்தில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டை இடித்தால் வீணாகப் போவது குறைவு. தேக்கு நிலையும் கதவும் உத்திரமும் காரைக்குடி பழைய சாமான் கடைகள் வரை போகும். காரையை உதிர்த்துச் செங்கல்லை அடுக்கி வைத்தால் எண்ணி வாங்கிப்போக ஆள் வரும். படிக்கல்லுக்கும் கல் தூணுக்கும் பேரம் நடக்கும். அதே தெருவில் 1985 வாக்கில் கட்டிய கான்கிரீட் வீட்டை இடித்தால் கம்பிக்கு மட்டும்தான் ஆள் வருகிறார். மீதியை அள்ளிப்போக நாம்தான் டிப்பருக்குப் பணம் கொடுக்க வேண்டும்.

ஸ்ரீரங்கம் தீவுக்குள் வீடு கட்டுவதும், கட்டுவதற்காக இடிப்பதும்தான் என் பிழைப்பு. அடையவளஞ்சான் தெருவில் ஒரு வீட்டை இடித்தபோது, வீட்டுக்கார மாமி கேட்டார்: “ஏம்ப்பா, இவ்வளவையும் எங்கே கொண்டு கொட்டப் போறே?” நான் டிப்பர் ஓட்டுநரைப் பார்த்தேன். “அண்ணே, அதை மட்டும் கேக்காதீங்க” என்றார் அவர். கேட்காமலே ஊருக்குத் தெரியும். இருட்டின பிறகு கொள்ளிடக் கரைக்குப் போய்ப் பாருங்கள், உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் நடந்து பாருங்கள். கொஞ்சம் நல்ல ஓட்டுநராக இருந்தால் யாராவது மனைக்காரர் பள்ளம் நிரப்பக் கேட்டிருப்பார், அங்கே இறக்குவார். திருச்சியில் நடக்கும் மறுபயன்பாடு பெரும்பாலும் இவ்வளவுதான்.

அளவு சின்னதில்லை. கான்கிரீட் வீட்டை இடித்தால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ கழிவு வரும் என்பது மத்திய அரசின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பான டைஃபாக்கின் பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் 2,000 சதுர அடி வீட்டில் 90 டன்னுக்கு மேல் விழும். பிரேக்கர் வைத்து மூன்று நாளில் இடித்தால் நாளொன்றுக்கு 30 டன். மத்திய அரசின் 2016 கட்டடக் கழிவு விதிகளோ, ஒரே நாளில் 20 டன்னைத் தாண்டினாலே கான்கிரீட், மண், செங்கல் காரை, இரும்பு மரம் பிளாஸ்டிக் என நான்காகப் பிரிக்க வேண்டும், வேலை தொடங்கும் முன்பே திட்டம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்றன. ஆகவே உத்தர வீதியில் ஒரு சாதாரண மாடி வீட்டை இடிப்பவரும் அந்த விதிகளின்படி பெருங்கழிவு உண்டாக்குபவர். இதை அறிந்த வீட்டுக்காரர் ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

இடித்த கான்கிரீட்டுக்கு ஏன் விலை இல்லை? அதன் தரம் யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம். செங்கல்லைத் தட்டினால் சத்தம் சொல்லிவிடும். தேக்கை இழைத்தால் வைரம் தெரியும். கான்கிரீட் அப்படிக் கண்ணுக்குப் பிடிபடாது. சோதித்தால்தான் பேசும்.

அந்தச் சோதனைகள் புதியவை அல்ல. ரீபவுண்ட் ஹேமர் வைத்து அடித்தால் மேற்பரப்பின் உறுதி தோராயமாகத் தெரியும். 25 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே எச்சரிப்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. அல்ட்ராசானிக் கருவி ஒலி எவ்வளவு வேகமாகக் கான்கிரீட்டைக் கடக்கிறது என்று அளக்கும். நொடிக்கு 3.5 கிலோமீட்டருக்கு மேல் என்றால் உள்ளே நன்றாக இருக்கிறது என்று பொருள். சந்தேகம் தீர வேண்டுமானால் உருளையாகக் கோர் எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாக உடைத்த பரப்பில் பினால்ப்தலீன் தெளித்தால் ஆரோக்கியமான இடம் ரோஜா நிறமாகும். நிறம் மாறாத இடத்தில் கான்கிரீட் தன் காரத்தன்மையை இழந்துவிட்டது, கம்பியைத் துருவிலிருந்து காக்காது.

இங்கேதான் பலரும் தவறாக முடிவுகட்டுகிறார்கள். சன்ஷேடு பெயர்ந்து, சீலிங் உதிர்ந்து, கம்பி வெளியே தெரிந்தால் “கான்கிரீட் போச்சு” என்கிறோம். போனது கம்பியின் பாதுகாப்பு. உள்ளே இருக்கும் கருங்கல் ஜல்லிக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. கம்பி போடாத வேலைக்கு அந்த ஜல்லி தாராளமாக உதவும்.

தர நிர்ணயமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஜல்லிக்கும் மணலுக்கும் உரிய ஐஎஸ் 383, முன்பு இயற்கைக் கல்லை மட்டுமே பேசியது. 2016-ல் திருத்தப்பட்டபோது, கான்கிரீட்டை உடைத்து எடுக்கும் ஜல்லிக்கும் இடம் கொடுத்தது. கம்பி போடாத கான்கிரீட்டில் 25 சதவீதம், கம்பி போட்டதில் எம்25 தரம் வரை 20 சதவீதம், எம்15-க்குக் கீழான கலவையில் முழுக்க முழுக்கவே போடலாம். அஸ்திவாரத்துக்கு அடியில் போடுகிற 1:4:8 பிசிசி இந்தக் கடைசி வகைதான். திருச்சியில் பிசிசி போடாமல் எழும்பும் கட்டடம் ஏது? சாலையின் அடித்தளத்துக்குப் பயன்படுத்த இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2017-ல் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

எச்சரிக்கையும் வேண்டும். பழைய ஜல்லியில் பழைய சிமென்ட் காரை ஒட்டிக்கொண்டிருக்கும், அது தண்ணீரைக் குடிக்கும். காய்ந்தபடியே மிக்ஸரில் கொட்டினால் கலவை இறுகிவிடும். முதலில் நனைக்க வேண்டும். உப்பின் அளவைச் சோதிக்க வேண்டும். ஓடு, மரத்துண்டு, ஜிப்சம் கலந்திருந்தால் ஒதுக்க வேண்டும். தூணிலும் பீமிலும் போட எனக்கு இன்னும் கை வரவில்லை. பிசிசிக்கும் நடைபாதைக்கும் நிரவலுக்கும் போய்ச் சேர்ந்தாலே போதும், ஆற்றங்கரை தப்பிக்கும்.

பெரம்பலூரிலும் புதுக்கோட்டையிலும் குவாரி இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று என் தொழில் நண்பர்கள் கேட்கிறார்கள். 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அந்த நண்பர்களேதான் ஜல்லிக்குத் திண்டாடினார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் 1928-ல் கட்டிய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்ததையும், முக்கொம்பில் மதகுகள் உடைந்ததையும் பார்த்த ஊர் இது. மணலுக்காக ஆற்றையும் கல்லுக்காக மலையையும் இன்னும் எவ்வளவு காலம் சுரண்ட முடியும்?

மற்ற ஊர்கள் முன்னே நகர்ந்துவிட்டன. டெல்லி புராரியில் 2009-லேயே கட்டடக் கழிவு மறுசுழற்சி ஆலை வந்தது. 2022 ஆகஸ்டில் தகர்க்கப்பட்ட நொய்டா இரட்டைக் கோபுரத்தின் இடிபாட்டில் ஒரு பகுதியும் இப்படித்தான் ஆலைக்குப் போனது. சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் ஆலைகள் உண்டு. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய மத்திய விதிகள் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்கள் மீது மறுசுழற்சிப் பொறுப்பைச் சுமத்துகின்றன. நல்லதுதான். ஆனால் ஸ்ரீரங்கத்திலும் உறையூரிலும் தில்லைநகரிலும் இடிபடுபவை அவ்வளவு பெரியவை அல்ல.

எனவே வேலை மாநகராட்சியிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனியாகக் கோர் எடுத்துச் சோதிப்பது கட்டுப்படியாகாது. மண்டலத்துக்கு ஒரு யார்டு வேண்டும். பிரித்துக் கொண்டுவந்த கான்கிரீட்டை அங்கே எடைபோட்டு வாங்கி, உடைத்து, சலித்து, குவியல் குவியலாகச் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டும். துவாக்குடியில் என்ஐடி இருக்கிறது, சேதுராப்பட்டியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆய்வகத்துக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது கொள்முதல். சத்திரம் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டியதும் அரசு, மாரிஸ் தியேட்டர் பக்கத்துக் கோட்டை ரயில்வே மேம்பாலத்தை இடித்ததும் அரசு. அதிகம் இடிப்பவரும் அதிகம் ஜல்லி வாங்குபவரும் அவர்களே. அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை இத்தகைய பொருளைக் கட்டாயமாக்கலாம் என்று 2016 விதிகளே சொல்லிவிட்டன. அந்த ஒரு வரி டெண்டரில் ஏறினால் கான்கிரீட்டுக்கு விலை பிறந்துவிடும். விலை பிறந்த பொருளை யாரும் ஆற்றில் கொட்ட மாட்டார்கள்.

அதுவரை வீட்டுக்காரர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. இடிபாட்டைப் பிரித்து எடுப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். எந்த இடத்தில் இறக்கினார்கள் என்ற ரசீது கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். அந்தத் தவணைக்குக் காத்திருக்கும் ஒப்பந்தக்காரனாக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.