குற்றாலத்தில் குளிப்பதா, படம் பிடிப்பதா?

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தென்காசிப் பக்கம் சாரல் விழ ஆரம்பித்துவிடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று எங்கு பார்த்தாலும் தலைகள். தண்ணீர் விளையாட வேறு ஊர்களில் தீம் பார்க்குகள் இருக்கின்றன. அங்கே தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் வாங்க வேண்டும். அருவிக்கு அடியில் தலையை நீட்ட டிக்கெட் கிடையாது. அதனால் நடுத்தரக் குடும்பங்களுக்கு வருடத்தில் ஒரே ஒரு சுற்றுலா என்றால் அது பெரும்பாலும் குற்றாலம்தான்.

இப்போது அருவிக்கரையில் ஒரு புதுக் காட்சி. தண்ணீருக்குள் நிற்பவர்கள் எவ்வளவோ, பாலித்தீன் கவருக்குள் செல்போனைப் போட்டுக்கொண்டு வெளியே நிற்பவர்களும் கிட்டத்தட்ட அவ்வளவு!

ஃபிலிம் ரோல் காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு ரோலில் 36 படம். அதற்குள் குற்றாலநாதர் கோயில் வாசல், அருவி, பரோட்டாக் கடை எல்லாம் அடங்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கழுவும் செலவு, பிரிண்ட் செலவு என்று கணக்கு உண்டு. எனவே நாலு படம் எடுத்ததும் கேமரா பைக்குள் போய்விடும், அப்பா அருவிக்குள் போய்விடுவார். இன்று ஒரு படத்துக்கு ஆகும் செலவு பூஜ்யம். செலவு இல்லை என்பதால்தான் கை நிற்பதில்லை.

உண்மையில் செலவு இல்லையா? வணிகவியல் மாணவர்கள் முதல் வருடத்திலேயே படிக்கும் 'வாய்ப்புச் செலவு' இங்கேதான் வருகிறது. ஒன்றைச் செய்யும் நேரத்தில் கைவிடப்படும் இன்னொன்றுதான் அதன் உண்மையான விலை. பேரருவியில் கூட்டத்தோடு முட்டி மோதி உள்ளே நிற்கக் கிடைப்பது பத்து நிமிடம். அதில் எட்டு நிமிடம் "இந்தப் பக்கம் திரும்பு, சிரி, இன்னொரு தடவை" என்று போனால் மகனுக்கும் அப்பாவுக்கும் மிஞ்சுவது இரண்டே நிமிடம். 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி'யையும் சேர்த்துப் பார்க்கலாம். முதல் படம் பொக்கிஷம், ஐந்தாவது பரவாயில்லை, நாற்பதாவது படத்தை எடுத்தவரே திரும்பப் பார்க்கப் போவதில்லை.

அதற்காகப் படமே எடுக்கக் கூடாது என்பது சரியான வாதம் அல்ல. தாத்தா பாட்டியோடு போன கடைசிக் குற்றாலப் பயணம் எது என்று போகும்போது யாருக்கும் தெரியாது. பிற்காலத்தில் அந்த ஒரு படம்தான் வீட்டில் இருக்கும். 2016-ல் டீல், சாபர்மேன், பாராஷ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், படம் எடுப்பவர்கள் பல அனுபவங்களை இன்னும் ஈடுபாட்டோடு ரசிக்கிறார்கள் என்றே தெரிந்தது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் ஓர் அருங்காட்சியகத்தில் மாணவர்களை வைத்துச் சோதித்தார். வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படம் எடுத்த பொருட்கள் அவர்களுக்குக் குறைவாகவே நினைவில் இருந்தன. 2017-ல் பாராஷ் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. படம் எடுப்பவர்களுக்குக் கண்ணால் கண்டது நன்றாக நினைவில் நிற்கிறது, காதால் கேட்டது குறைகிறது. குற்றாலத்தில் பாதி அனுபவம் காதில்தான் இருக்கிறது. பொங்குமாங்கடலில் விழுந்து பொங்கி வழியும் தண்ணீரின் இரைச்சல், அந்த இரைச்சலுக்கு மேலே தங்கச்சி போடும் கூச்சல்... இதையெல்லாம் எந்தப் படத்தில் தேடுவது?

இன்னொன்றும் பேசியாக வேண்டும். அருவி என்பது குளிக்கும் இடம். பெண்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருப்பதே அவர்கள் கூச்சமில்லாமல் குளிக்கத்தான். தன் குடும்பத்தைத்தான் எடுக்கிறேன் என்று நீட்டும் செல்போனில் பின்னால் நனைந்து நிற்கும் இன்னொரு குடும்பமும் விழுகிறது. அது இணையத்தில் ஏறினால் யார் பொறுப்பு?

எல்லாவற்றையும்விடப் பெரிது பாதுகாப்பு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். அதற்குக் காரணம் கேமரா அல்ல, மலைக்கு மேலே பெய்த மழை. ஆனால் அந்தச் சம்பவம் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. கீழே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம், சில நொடிகளில் தண்ணீர் ஏறிவிடலாம். அந்த நேரத்தில் குழந்தையின் கையைப் பிடித்திருக்க வேண்டிய கை செல்போனைப் பிடித்திருந்தால்? பேரருவியில் வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது என்றால் வீடியோ எடுக்க முன்னால் ஓடக் கூடாது, பின்னால் நகர வேண்டும்.

சரி, என்னதான் செய்வது? வழி எளிது. முதலில் படம், பிறகு குளியல். அருவி பார்த்து நிற்கும்போதே எல்லோரையும் நிறுத்தி நாலு படம். அப்புறம் செல்போன் வண்டிக்குள்ளோ, கரையில் துணிமணிக்குக் காவல் இருக்கும் பெரியவரிடமோ போய்விட வேண்டும். சித்திர சபை போன்ற இடங்களில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதி இல்லையென்றால் அந்தச் சுவர் ஓவியங்களைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு வருவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

படம் எடுக்கும் வேலை எப்போதும் ஒருவர் தலையிலேயே விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பல வீட்டு ஆல்பங்களில் அப்பா இருக்கவே மாட்டார், ஏனென்றால் எடுத்தவரே அவர்தான். அல்லது அம்மா இருக்க மாட்டார், ஏனென்றால் ஈரத் துணியையும் பைகளையும் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். முறை வைத்துக்கொண்டால் அந்த அம்மாவும் ஒரு முறையாவது அருவிக்குள் போய் நனைந்துவிட்டு வரலாம்.

சீசன் அடுத்த ஆண்டும் வரும், அருவியும் அப்படியே இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே வண்டியில் ஏறி வரும் ஆண்டுகள்தான் எண்ணிக்கையில் குறைவு.