எமிசாட்டா, ஒற்றுக்கோளா?

தருமபுரி என இன்று வழங்கும் ஊர், சங்க நாளில் அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர். அவன்பொருட்டுத் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான் என்பது புறநானூற்றுச் செய்தி. எல்லாப் பகைவரும் அவனைப்போல் தாமே கதவு திறந்து காட்டுவாரோ? காட்டாதாரிடத்து அறிதற்கே ஒற்று. தூது வேறு, ஒற்று வேறு என்பதனாலன்றோ வள்ளுவர் இரண்டிற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார்!

அவ்வொற்று இன்று வானேறிவிட்டது. 2019 ஏப்பிரல் 1 அன்று சிறீஅரிகோட்டாவிலிருந்து பி.எசு.எல்.வி. சி-45 ஏவூர்தி, 'எமிசாட்' என்னும் செயற்கைக்கோளை ஏறத்தாழ 748 கி.மீ. உயரத்தில் கொண்டுபோய் விட்டது. எடை 436 கிலோவே. எல்லைக்கு அப்பால் நிற்கும் இரேடார் ஒவ்வொன்றும் வானூர்திகளைத் தேடி அலைத்துடிப்புகளை வீசுகின்றது. அவை வானிலும் பரவுகின்றன. அவற்றைக் கோள் பற்றி, அதிர்வெண் யாது, துடிப்பின் நீளம் யாது, எத்திசையினின்று வந்தது என அளந்தால், அஃது எவ்வகை இரேடார், எங்கே நிற்கின்றது என்பன புலனாகும். அலை வீசாவிடில் இரேடார் எதனையும் காணாது. வீசினாலோ தன்னையே காட்டிக்கொடுக்கும்.

இத்துணை எளிய செய்தி மக்களிடம் எவ்வாறு வந்தது? மின்காந்த அலைமாலையை அளக்கும் கோள் என்றது இசுரோ. யாருடைய அலை, எதற்கு அளத்தல் என்னும் விளக்கம் இல்லை. கோளிலுள்ள கருவிக்குக் 'கௌடில்யா' என்று பெயர் எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஒற்றாடலுக்குப் பத்துக் குறள் தந்தவன் பெயர் எவர் நினைவிற்கும் வரவில்லை போலும்!

பெயரால் மறைத்தல் வல்லரசுகளின் பழந்தொழில். 1960 சூன் 22 அன்று ஏவப்பட்ட அமெரிக்கக் கடற்படையின் 'கிராப்' கோள், கதிரவனின் கதிர்வீச்சை ஆராய்வது என்றே உலகிற்குச் சொல்லப்பட்டது. சோவியத்து இரேடார்களின் அலைகளைப் பற்றிய அதன் மறைபணி 1998 இல்தான் வெளியிடப்பட்டது. படைமறை காக்கவேண்டுவதே; மறுப்பாரிலர். ஆனால் எமிசாட்டின் பணியை ஏவிய நாளிலேயே அயல்நாட்டாரும் அறிவர். வரி கொடுத்த பென்னாகரத்து உழவன் மட்டும் அறியாதிருப்பது எற்றுக்கு?

'ஒற்றுக்கோள்' என்றால் பாலக்கோட்டுப் பள்ளிச் சிறுவனுக்கும் அதன் வேலை பெயரிலேயே விளங்கும். தமிழில் அறிவியல் வாராது என்பார், அக்கோளை ஏவியபோது இசுரோவின் தலைவராயிருந்த சிவன், குமரி மாவட்டத்துச் சிற்றூரில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியிற் பயின்றவர் என்பதை மறந்து பேசுகின்றனர். பாடநூல் எழுதுவோரேனும் அடுத்த பதிப்பில் 'எமிசாட் என்னும் ஒற்றுக்கோள்' என்று அச்சிடுவாராக.