மாற வேண்டியவர் யார்?

மண்சரிவினால் நிலத்தையும் வீட்டையும் இழந்து, புதிய இடங்களில் குடியேறியிருக்கும் எமது குடும்பங்களிடையே ஒரு கவலை அடிக்கடி எழுகின்றது. "அயலவர் எல்லோரும் வேறு மதத்தவர், பக்கத்தில் கோவிலும் இல்லை. எமது விசுவாசத்தை எப்படிக் காப்பாற்றுவது?" என்பதே அது.

கவலை நியாயமானதுதான். ஆனால் விசுவாசம் பெட்டியில் பூட்டி வைக்கும் நகையா? அது விதைநெல் அல்லவா? விதை பழைய உருவிலேயே இருந்தால் முளைப்பது எப்படி?

திருத்தூதர் பணிகள் நூலின் பத்தாம் அதிகாரத்தை எண்ணிப் பார்ப்போம். பிற இனத்தார் வீட்டுக்குள் நுழைவதே தகாது என்று வளர்ந்தவர் பேதுரு. உரோமைப் படைத்தலைவரான கொர்னேலியுவின் வீட்டுக்கு அவர் போக நேர்ந்தது. அவர் பேசி முடிக்கும் முன்னரே தூய ஆவியார் அந்த வீட்டார் மீது இறங்கினார். அன்று கொர்னேலியு மட்டும் மாறவில்லை. போதிக்கச் சென்ற பேதுருவும் மாறினார்.

எமது ஊவா மாகாணத்திலும் இப்படி நடந்ததுண்டு. 1972இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, கண்டியின் ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, வசதி குறைந்த இந்தப் புதிய மறைமாவட்டத்துக்கு விரும்பி வந்தார். மக்களோடு வாழ்ந்து பணிசெய்யும் குருக்களை உருவாக்க, பண்டாரவளையில் 'சேவக செவண' என்னும் குருமடத்தை அமைத்தார். அங்கே பணியாற்றியவர் அமலமரித் தியாகிகள் சபையின் அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ. அவர் உரோமாபுரியிலும் பாரிசிலும் உயர்கல்வி கற்றவர்.

1980இல் அடிகளார் மொனராகலை மாவட்டத்தின் புத்தல பகுதிக்குச் சென்று, ஏழைச் சிங்கள பௌத்த விவசாயிகளிடையே 'சுபசெத் கெதர' என்ற எளிய இல்லத்தை அமைத்தார். மதம் மாற்ற வந்தவரோ என்று ஊரார் முதலில் சந்தேகித்தனர். அவர் அவசரப்படவில்லை. மூலிகை வைத்தியத்தையும் மண்ணைக் கெடுக்காத பயிர்ச்செய்கையையும் அவர்களோடு சேர்ந்து பேணினார். கரும்புத் திட்டத்தினால் நிலமிழந்த விவசாயிகளுக்காகக் குரல் கொடுத்தார். சந்தேகம் மெல்ல நம்பிக்கையாயிற்று. கற்பிக்கத் தகுதியுள்ளவர், அந்த மக்களிடம் கற்பவரானார். நாடெங்கும் வன்முறை தலைவிரித்தாடிய 1987இல், நவம்பர் 10ஆம் திகதி, திருப்பலி வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

புத்தலயில் கிறிஸ்தவர் தொகை எவ்வளவு கூடியது என்று கேட்பவர்களுக்கு இக்கதை ஏமாற்றமளிக்கலாம். ஆவியாரின் வேலையைத் தலைக்கணக்கால் அளக்க முடியாது என்பதே எமது கருத்து.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, இன மத பேதம் பாராமல் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உதவி வந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் மழையினால் பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் சரிந்தன. இத்தகைய வேளைகளில் எமக்கு முன்னே இரண்டு வழிகள் திறக்கின்றன. எம்மவர், பிறர் என்று பிரிந்து ஒதுங்குவது ஒன்று. யார் வழியாகவும் இறைவன் எம்மைத் தொடலாம் என்று மனதைத் திறந்து வைப்பது மற்றது.

ஆகவே சிலவற்றை வெளிப்படையாகவே சொல்கின்றோம். நிவாரணப் பட்டியல் எழுதும்போது திருச்சபை மதம் கேட்கலாகாது. சோற்றுப் பொதியைக் காட்டி ஞானஸ்நானம் கொடுப்பது, பசியை விலைபேசுவதாகும். எமது குடும்பங்களும் புதிய ஊரின் மரண உதவிச் சங்கத்தில் சேரட்டும். விகாரை சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு போகட்டும். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி கொண்டுவரும் கஞ்சியைத் தயங்காமல் வாங்கிக் குடிப்போம்.

செபத்தை விடச் சொல்லவில்லை. ஒரு மரநிழலும் நாலு குடும்பங்களும் போதும், ஞாயிறன்று கூடிச் செபிக்க. ஆனால் அச்செபத்தில், "ஆண்டவரே, அயலவரை மாற்றும்" என்று கேட்குமுன் "எம்மை மாற்றும்" என்று கேட்போம்.

நிலம் சரிந்த இடத்தில் பழைய வேலிகளும் சரிந்துவிட்டன. வீட்டை மீண்டும் கட்டுவோம். அந்த வேலிகளை மீண்டும் கட்ட வேண்டுமா?