ஒல்லியான ஆளுக்கும் 'சோத்தைக் குறைங்க' அட்வைஸா? ஜவ்வாது மலையில் இருந்து பார்த்தால் புரியும் டைப் 5 சுகர்

சுகர் என்று தெரிந்ததும் டாக்டர் சொல்லும் மூன்று வரி பலருக்கும் மனப்பாடம். "சோத்தைக் குறைங்க. ஸ்வீட்டை விடுங்க. தினமும் நடங்க."

ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் 90 கிலோ ஆளுக்கு இது சரியாக இருக்கலாம். ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேடு ஏறி வீட்டுக்குப் போகும் 45 கிலோ கூலித் தொழிலாளிக்கு? அவர் நடக்காத நாள் இல்லை. ஸ்வீட் என்றால் பண்டிகைக்குத்தான். சோறு ஏற்கெனவே குறைவு. அதையும் குறைக்கச் சொன்னால் எதைக் குறைப்பார்?

'மலைக்காரங்கன்னா இப்படித்தான்'

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையில் பெரும்பாலும் வசிப்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்து கேரளா என்று நினைக்க வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ்.

மலையில் இருந்து வரும் நோயாளியைப் பற்றி சமவெளியில் இரண்டு முன்முடிவுகள் உண்டு. ஒன்று, "சாமை, தேன்னு சாப்பிடுற ஆளுங்க, இவங்களுக்கு எங்க சுகர் வரப்போகுது?" இன்னொன்று, "குடிச்சிருப்பாரு, அதான் உடம்பு இப்படி ஆகிடுச்சு." முதலாவது பாராட்டு மாதிரி இருக்கும். ஆனால் விளைவு ஒன்றுதான்: கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. சாமை இன்றும் இங்கே விளைகிறது, உண்மைதான். ஆனால் தினசரி உலையில் வேகுவது பெரும்பாலும் ரேஷன் அரிசி.

டைப் 5 என்றால் என்ன?

டைப் 1-ல் உடலின் எதிர்ப்பு சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். டைப் 2-ல் இன்சுலின் சுரந்தாலும் உடல் அதைச் சரியாகக் கேட்காது. உடல் எடை, உணவு, நடைப்பயிற்சி என்ற அட்வைஸ் எல்லாம் இந்த டைப் 2-ஐ மனதில் வைத்துச் சொல்லப்படுவது.

டைப் 5 வேறு. சிறுவயதில் இருந்தே போதிய சத்து கிடைக்காததால் கணையத்தின் இன்சுலின் சுரக்கும் திறனே குறைந்துவிடுகிறது. உடல் இன்சுலினை நன்றாகவே ஏற்கிறது, சரக்குதான் போதவில்லை. இளம் வயது, மிகவும் ஒல்லியான உடல், வறுமை ஆகியவை பொதுவான அடையாளங்கள். 1.6 மீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ளவரின் பிஎம்ஐ சுமார் 17.6. 18.5-க்குக் கீழே இருந்தாலே எடை குறைவு.

இதைக் கண்டுபிடித்த கதையில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1955-லேயே ஜமைக்காவில் இப்படிப்பட்ட நோயாளிகள் பற்றி எழுதப்பட்டது. 1985-ல் உலக சுகாதார நிறுவனம் தனி வகையாகச் சேர்த்தது. ஆதாரம் போதவில்லை என்று 1999-ல் நீக்கியது. ஒல்லியான நோயாளிகள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். வேலூர் சிஎம்சி-யின் டாக்டர் நிஹால் தாமஸ் குழுவும் அமெரிக்காவின் டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸ் குழுவும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு, இது டைப் 1-ம் இல்லை, டைப் 2-ம் இல்லை என்று காட்டியது. 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பு இதை டைப் 5 என்று அங்கீகரித்தது. உலகம் முழுக்க 2 முதல் 2.5 கோடி பேருக்கு இது இருக்கலாம் என்பது மதிப்பீடு.

எல்லா நிபுணர்களும் இதை ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வகைப்பாட்டில் இது கிடையாது. பெயர் பற்றிய சண்டை நடக்கட்டும், ஒல்லியான நோயாளியை டைப் 2 அச்சில் போட்டுப் பார்க்கக் கூடாது என்பது அதற்காகக் காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை.

தப்பான ஊகம் எங்கே ஆபத்தாகிறது?

சத்துக்குறைவால் வந்த நோய்க்கு "சாப்பாட்டைக் குறை" என்பது நோயை வளர்ப்பது. மறுபக்கம், டைப் 1 என்று நினைத்து அதிக டோஸ் இன்சுலின் கொடுத்தால், மூன்று வேளை சாப்பாடு உறுதியில்லாத வீட்டில் சர்க்கரை திடீரென இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, தலைசுற்றல், பேச்சுக் குழறல் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். குழறும் பேச்சைப் பார்த்து அங்கேயும் "குடிச்சிருக்கான்" என்று விட்டுவிட்ட கதையாகிவிடக் கூடாது.

குடி பற்றிய ஊகத்துக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. கணையத்தில் கல் சேர்ந்து, வயிற்று வலியோடு சுகரும் வரும் ஒரு நோய் தென்னிந்தியாவில் உண்டு. கேரள டாக்டர் கீவர்கீஸ் 1960-களில் இதை விரிவாகப் பதிவு செய்தார். மது தொடாத இளைஞர்களுக்கும், ஏன், சிறுவர்களுக்கும் வந்த நோய் அது.

டாக்டரிடம் என்ன சொல்லலாம்?

"எனக்கு டைப் 5" என்று போய் நிற்பதால் பயனில்லை. தகவலாகச் சொன்னால் டாக்டருக்கும் யோசிக்க வழி கிடைக்கும். "எடை இவ்வளவுதான் சார், சின்ன வயசுல இருந்தே ஒல்லி. ஒரு நாளைக்கு ரெண்டு வேளைதான் சாப்பாடு. காட்டு வேலை, தினமும் நடை." குடிப்பழக்கம் இருந்தால் மறைக்க வேண்டாம், இல்லை என்றால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடலாம்.

பிறகு கேள்வி: "எனக்கு எந்த வகை சுகர்னு பார்க்க டெஸ்ட் இருக்கா?" சி-பெப்டைட் டெஸ்ட், உடல் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும். ஜிஏடி ஆன்டிபாடி டெஸ்ட் டைப் 1-ஐப் பிரித்துக் காட்ட உதவும். கணையக் கல் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதெல்லாம் கிடைக்காது என்பதால், பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் சீட்டு கேட்டு வாங்க வேண்டும்.

யார் என்ன சொன்னாலும் இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது. டைப் 1 ஆக இருந்தால் சில நாட்களிலேயே உயிர் போகும்.

டாக்டர் காது கொடுக்கவே இல்லை என்றால்? தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உள்ளன. சிகிச்சை ஆவணங்களின் நகலைக் கேட்பது, வேறு டாக்டரிடம் இரண்டாவது கருத்து பெறுவது, பாகுபாடு இல்லாமல் சிகிச்சை பெறுவது எல்லாம் அதில் வருகின்றன. அரசு மருத்துவமனை பற்றிய புகாருக்கு 104-க்கு போன் செய்யலாம்.

வீட்டுக்கே வந்து சுகர் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் அடுத்த முறை வரும்போது, சுகர் அளவுக்குப் பக்கத்திலேயே எடையையும் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளலாம். மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் அந்தச் சீட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது.