கறுப்பு அடித்தால் கண் தேறிவிடுமா?

கோவையில் சரவணம்பட்டி மென்பொருள் அலுவலகமோ, பீளமேட்டுக் கல்லூரி விடுதியோ, கண் எரிகிறது என்று யாராவது சொல்லிவிட்டால் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "டார்க் மோட் போட்டுக்கங்க, கண்ணுக்கு நல்லதுங்க." கேட்டவரும் நம்பி மாற்றிக்கொள்கிறார். திரையைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கும் இந்த வசதி 2018இல் ஆப்பிள் கணினிகளுக்கும், 2019இல் ஐஃபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. பிறகு வலைத்தளம் கட்டுகிறவர்களே இதைக் கண் பராமரிப்பு என்று சொல்லி விற்கத் தொடங்கிவிட்டார்கள். கறுப்புத் திரை கண்ணுக்கு மருந்து அல்ல. பெரும்பாலானவர்களுக்கு அது படிப்பதைக் கடினமாக்குகிறது.

வெளிச்சம் கூடினால் கண்ணின் பாவை சுருங்கும். சுருங்கிய பாவை வழியே விழும் பிம்பம் கூர்மையாக இருக்கும். கறுப்புத் திரையைப் பார்க்கும்போது பாவை விரிகிறது, எழுத்தின் ஓரம் மங்குகிறது. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள், முதியவர்கள் இரு சாராருமே வெளுத்த பின்புலத்தில் கரிய எழுத்தைத்தான் நன்றாகப் படித்தார்கள். கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் பவர் எழுதப்பட்டவர்களுக்குக் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து கசிந்து பரவினாற்போலத் தெரியும். நம்மில் எத்தனை பேருக்கு சிலிண்டர் பவர் இருக்கிறது என்று வீட்டிலேயே விசாரித்துப் பாருங்கள்.

அப்படியானால் கண் ஏன் எரிகிறது? திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஏசி காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. பின்புலத்தை மாற்றினால் இந்த இரண்டும் மாறப்போவதில்லை.

பேட்டரி மிச்சமாகும் என்பது அடுத்த வாதம். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021இல் ஓஎல்இடி திரைகளை அளந்தது. வழக்கமாக வைக்கும் 30 முதல் 50 விழுக்காடு வெளிச்சத்தில் மிச்சமானது 3 முதல் 9 விழுக்காடுதான். திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் மட்டுமே 39 விழுக்காட்டுக்கு மேல் போனது. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் எல்சிடி திரை. அதில் கறுப்பைக் காட்டும்போதும் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

இதைவிடப் பெரிய கேடு தொழிலில் நடக்கிறது. வெள்ளையைக் கறுப்பாக்கு, கறுப்பை வெள்ளையாக்கு, டார்க் மோட் முடிந்தது என்று நினைக்கிறார்கள். சுத்த நீல நிற லிங்க் வெள்ளையின் மேல் 8.6க்கு 1 என்ற ஒளிமாறுபாட்டுடன் பளிச்சென்று நிற்கும். அதே நீலத்தைக் கறுப்பின் மேல் வைத்தால் அது 2.4 ஆகச் சரிந்துவிடும். சாதாரண அளவு எழுத்துக்கு உலக அணுகல் நெறிகள் கேட்பது குறைந்தது 4.5. சரி, எல்லா நிறத்தையும் தலைகீழாக்கலாம் என்றால், ஈரோட்டு மஞ்சளின் படம் நீலமாக வந்து நிற்கும். கடையின் கியூஆர் குறியீடு தலைகீழானால் பல ஸ்கேனர்கள் அதைப் படிப்பதே இல்லை. பின்புலமில்லாத கறுப்பு லோகோ இருட்டோடு இருட்டாகக் காணாமல் போகும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வெள்ளை பனியனுக்கு ஒரு பக்குவம், கறுப்புக்கு வேறு பக்குவம். கறுப்பு ஷேடுக்குச் சாயமும் உப்பும் அதிகம் தேவை, அலசலும் அதிகம். லேப் டிப் என்று சிறு துண்டில் மாதிரிச் சாயம் போட்டு, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் ஒரு தடவை, கடை வெளிச்சத்துக்கான டிஎல்84 விளக்கில் ஒரு தடவை பார்த்து, பையர் சரி என்ற பிறகுதான் துணி சாயத்துக்குப் போகும். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் நிறம் இன்னொரு விளக்கில் பிரிந்து தெரியும் என்பது சாயப்பட்டறையில் எல்லாருக்கும் தெரியும். பனியனுக்கு எடுக்கும் இந்தச் சிரத்தையை, ஆயிரக்கணக்கானவர்கள் தினம் படிக்கும் பக்கத்துக்கு ஏன் எடுக்கக் கூடாது?

எடுப்பதற்கு வழியும் இருக்கிறது. ஒரு வடிவமைப்புத் தொகுப்பில் நிறங்களை 'நீலம் 600' என்று குறிக்காமல், 'பின்புலம்', 'லிங்க்', 'எச்சரிக்கை' என்று அவை செய்யும் வேலையால் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பகலுக்கு ஒரு மதிப்பு, இரவுக்கு ஒரு மதிப்பு. இரவுக்கும் சுத்தக் கறுப்பு வேண்டாம். கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டியே அடர் சாம்பலைத்தான் பரிந்துரைக்கிறது.

தமிழுக்கென்று ஒரு கவலையும் உண்டு. கறுப்பின் மேல் வெள்ளை எழுத்து தடித்துத் தெரியும். ஆங்கிலத்துக்கு அது தாங்கும். 'ண'வின் சுழிகளும் 'ஞ'வின் வளைவுகளும் சிறிய அளவில் அடைத்துப்போகும். 'கண'வையும் 'கண்'ணையும் பிரிப்பது ஒரே ஒரு புள்ளி. இருண்ட தோற்றத்தில் தமிழுக்கு ஒரு படி மெலிந்த எழுத்து வேண்டும். ஆங்கில மாதிரி வாசகத்தை மட்டும் ஓட்டிப் பார்த்து வெளியிடுகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை.

டார்க் மோடே கூடாது என்பது என் வாதமல்ல. கண்புரையால் பார்வை மங்கியவர்களில் பலருக்கும் கண் கூச்சம் உள்ளவர்களுக்கும் கறுப்பில் வெள்ளைதான் எளிது. பக்கத்தில் குழந்தை தூங்கும்போது போன் பார்க்கும் தாய்க்கும் அது வேண்டும். அவர்களுக்காகத்தான் அதை ஒழுங்காகச் செய்யச் சொல்கிறேன். போனில் ஒருவர் எந்தத் தோற்றத்தைத் தேர்ந்திருக்கிறார் என்பதை 2019 முதல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றுமே பக்கத்துக்குச் சொல்லிவிடுகின்றன. அதைக் கேட்டு நடந்தால் போதும். எதையும் தேர்ந்தெடுக்காதவருக்கு வெளிச்சமான பக்கத்தையே காட்டுங்கள்.

கோவையில் இந்த வேலை செய்யும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த டார்க் மோடை வெளியிடும் முன், விலை குறைந்த ஒரு எல்சிடி போனை எடுத்துக்கொண்டு நண்பகலில் காந்திபுரம் பேருந்து நிலையத்துக்குப் போங்கள். வெயிலில் நின்று, நீங்கள் கட்டிய பக்கத்தில் ஒரு பத்தி தமிழைப் படியுங்கள். உங்கள் முகம்தான் திரையில் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை என்றால் அதை வெளியிடாதீர்கள்.