மஞ்சளுக்கு ஒரு நீதி, ஆல்பக்கோடாவுக்கு ஒரு நீதியா?

பிரிவினைக்குப் பின் சிந்திலிருந்து வந்தோர் குடியமர்ந்த இடம் பிம்ப்ரி முகாம். சிந்தி பிரியாணிக்கு ஆலுபுகாரா இன்றியமையாதது. தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகள் ஆல்பக்கோடா என விற்கும் அதே உலர்ந்த பிளம்தான் அது. புகாரா உஸ்பெகிஸ்தானின் பழம்பெரும் நகரம். ஊர்ப்பெயரோடு வரும் பழத்தை உண்போர், அந்நகருக்குக் கிழக்கிலுள்ள மலைகளில் அப்பழத்தின் காட்டு உறவினங்கள் என்ன ஆயின என்று கேட்பதில்லை.

தஜிகிஸ்தானின் தர்வாஸ் மலைத்தொடருக்குரிய அரிய காட்டு பிளம் பிரூனஸ் தர்வாசிகா. மத்திய ஆசிய மரங்களுக்கென 2009இல் வெளியான செம்பட்டியல் 44 இனங்களை அழியும் ஆபத்தில் உள்ளவை என்றது. காட்டு ஆப்பிளும் காட்டு ஆப்ரிகாட்டும்கூட அவற்றுள் அடக்கம்.

தோட்டங்களில் பிளம் குறைவின்றிக் காய்க்கையில் காட்டு மரம் எதற்கு என்று சிலர் வாதிடுகின்றனர். வேளாண்மை அறியாதோர் வாதம் இது. தோட்டத்து பிளம் ஒட்டுக்கட்டி வளர்க்கப்படுவது. ஒரு தோட்டத்தில் ஆயிரம் மரங்கள் நின்றாலும் மரபணு அளவில் அவை ஒரே மரம். ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும். எதிர்ப்பாற்றலைத் தேடிக் கலப்பினம் செய்வோர் இறுதியில் காட்டைத்தான் நாட வேண்டும். விதை வங்கி போதாதா? உறைந்த விதை புதிய பூச்சியோடும் புதிய வறட்சியோடும் போராடிப் பழகுவதில்லை. மலைச்சரிவில் நிற்கும் மரம் பழகுகிறது.

மலைவாழ் மக்களே வெட்டுகிறார்கள் என்பது இன்னும் மலிவான குற்றச்சாட்டு. சோவியத் ஒன்றியம் சிதறியதும் நிலக்கரியும் எரிவாயுவும் வருவது குன்றியது. 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர் வேறு. உறைபனிக் குளிரில் அடுப்பெரிக்க விறகு வெட்டியவனையா குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டபோது இந்தியா கொதித்தது. அன்று சி.எஸ்.ஐ.ஆர். தலைமை இயக்குநராக இருந்தவர், பிம்ப்ரிக்கு அருகே புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தை நடத்திவிட்டுச் சென்ற மாஷேல்கர். 1997இல் காப்புரிமை ரத்தானது, நியாயமான வெற்றி. ஆனால் கொடுப்பவர் இடத்தில் நின்று பேசிய நாடு, பெறுபவர் இடத்தில் நிற்கும்போது வாய் திறப்பதில்லை. 2010ஆம் ஆண்டு நகோயா நெறிமுறை, மரபணு வளத்தை ஆய்வுக்கு எடுப்பவர் பயனைப் பகிர வேண்டும் என்கிறது. உண்பதற்காகச் சரக்காக விற்கப்படும் பழத்தை அது தொடுவதேயில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் புகாராவின் பெயர் பிம்ப்ரியின் தட்டுக்கு வந்து சேர்கிறது, தர்வாஸுக்குச் சல்லிக்காசு போகாமல்.